மேஸ்திரிக்கு நான் போட்ட நாற்காலி

உங்கள் உடற்பயிற்சிச் சோதனை அறையின் சுவரில் ஒரு தமிழ் அட்டை தொங்குகிறது. ஆறிலிருந்து இருபது வரை எண்கள். பக்கத்தில் ‘மிக மிக லேசு’ என்று தொடங்கி ‘இதற்கு மேல் முடியாது’ என்பது வரைக்கும் சொற்கள். படியேறும்போதோ நடக்கும்போதோ எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே விரல் வைத்துக் காட்ட வேண்டும். போன மாதம் உங்கள் பிசியோதெரபி பிரிவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்களே, அன்று உங்களில் ஒரு பெண் அந்த அட்டையைக் காட்டி, “இதை நீங்கதான் தமிழ்ல கொண்டுவந்தீங்களாமே மேடம், எவ்ளோ நல்லா இருக்கு” என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு உறுத்தியது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு நான் எப்படியெல்லாம் அசடு வழிந்தேன் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மைசூரில் ஒரு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மாரடைப்பு வந்து தேறியவர்களுக்கு மெல்ல மெல்ல நடைப்பயிற்சி கொடுக்கும் திட்டம் அப்போதுதான் எங்கள் பிரிவில் தொடங்கியிருந்தது. வீட்டில் அவர்கள் நடக்கும்போது பக்கத்தில் நாங்கள் இருக்க முடியாது. “அட்டையில் பதின்மூன்று வரைக்கும் போகலாம், அதற்கு மேல் போனால் நின்றுவிடுங்கள்” என்று சொல்லி அனுப்புவோம். அட்டை ஆங்கிலத்தில் இருந்தது. கன்னடத்தில் ஒன்றை யாரோ தயார் செய்துவிட்டார்கள். தமிழ் மட்டும் பாக்கி. எங்களிடம் வந்தவர்களில் கட்டட வேலை, ஆலை வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. துறைத் தலைவர் மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். பிரிவில் ஒரே தமிழச்சி நான்.

என் தமிழின் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் முழுக்கக் கன்னடம். தமிழில் பாதியை அம்மாவின் சமையலறையில் கற்றேன், மீதியை மாதா கோயில் ஜெபப்புத்தகத்தில். அதனால் நான் முதலில் எழுதிய அட்டையைப் படித்தால் யாரோ பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது போல இருந்தது. ‘தாங்கவொண்ணாப் பாரம்’ என்றுகூட ஒரு வரி. நஞ்சன்கூட்டிலிருந்து வந்துபோகும் ஒரு தமிழ் நர்ஸ் அதைப் படித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். சிரித்து முடித்துத் திரும்பி வந்து எனக்கு உதவி செய்தார். இரண்டு தமிழாசிரியர்களைப் பிடித்தோம். தமிழில் எழுதியதை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகச் சொன்னோம். மூல அட்டையோடு அச்சாகப் பொருந்தியது. பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அட்டையைப் பெரிதாக எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டுக்கூட வைத்துவிட்டேன்.

இனி சோதித்துப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலிக்காரர்களிடம் கொடுப்பதற்கு முன்னால், நல்ல உடல்நலத்தோடு இருப்பவர்களிடம் பார்ப்பதுதான் முறை. கணக்கு ரொம்பச் சுலபம். அட்டையில் அவர் காட்டும் எண்ணோடு ஒரு சைபரைச் சேர்த்தால் ஏறக்குறைய அவருடைய நாடித்துடிப்பு வர வேண்டும். பத்து என்று காட்டினால் நாடி நூறுக்குப் பக்கத்தில் இருக்கும், பதினைந்து என்றால் நூற்றைம்பதுக்குப் பக்கத்தில். தோராயக் கணக்குதான். ஆனாலும் வெகுதூரம் விலகக் கூடாது.

ஆள் வேண்டுமே? அப்போது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் மேஸ்திரி கொள்ளேகால்காரர். ஐம்பதைத் தாண்டியவர், உரத்த குரல், பையில் எப்போதும் அளவு நாடா. அவருடைய ஆட்கள் எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள், பாதிப் பேர் கொள்ளேகாலை அடுத்த மார்டள்ளிப் பக்கம், தமிழ்க் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர். போய்க் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேரைக் கூட்டிவந்தால், எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து, டாக்டரிடமும் காட்டி அனுப்புகிறோம் என்றேன்.

“அதுக்கென்னங்க டாக்டரம்மா, கூட்டியாறேன். நம்ம ஆளுங்க மூணு மாடி கலவைச் சட்டி தூக்கறவங்க. உங்க படியெல்லாம் சும்னே ஏறிருவாங்க.”

நான் டாக்டர் இல்லை. முதல் தடவை திருத்தலாம் என்று வாயெடுத்தேன். இரண்டாம் தடவை அவர் அப்படிக் கூப்பிட்டபோது காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

சோதனை இதுதான். ஆஸ்பத்திரித் தச்சர் செய்துகொடுத்த ஒரு படிப்பலகை. பியானோ வகுப்பில் தாளம் தட்ட வைத்திருப்பார்களே, அந்தக் கருவி ஒன்று. அது தட்டும் வேகத்துக்கு ஏறி இறங்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகம் கூடும். ஒவ்வொரு மூன்று நிமிட முடிவிலும் அட்டையில் விரல் வைக்க வேண்டும். நெஞ்சில் ஒரு பட்டை கட்டியிருப்போம், அதோடு சேர்ந்த சின்ன டப்பாவில் நாடித்துடிப்பு தெரியும்.

முதல் ஞாயிறு. எல்லாரும் குளித்து, எண்ணெய் வைத்து, திருவிழாவுக்கு வந்த மாதிரி வந்திருந்தார்கள். அறைக்குள் வரத் தயங்கினார்கள். அப்போது எனக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. தெரியாத இடம், தெரியாத கருவி, வெள்ளைக் கோட்டு, பயப்படத்தானே செய்வார்கள்? அவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று எதிரில் இருந்தால் தெம்பாக இருக்குமே. துறைத் தலைவர் அறைக்குப் போய், மெத்தை வைத்த நாற்காலியை நானே தூக்கிவந்து, படிப்பலகைக்கு நேர் எதிரே போட்டேன். மேஸ்திரி வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கையைப் பிடித்து உட்கார வைக்காத குறை.

நோயாளியின் மனநிலையைப் புரிந்துகொண்டு நடப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். முதலில், “உடம்புக்கு ஏதாவது உண்டா? மூச்சு வாங்குமா? தலை சுத்துமா?” என்று கேட்பேன். “ஒன்னுமில்லீங்க” என்பார்கள். ஏறி இறங்குவார்கள். மேஸ்திரி நாற்காலியிலிருந்து உற்சாகப்படுத்துவார். மூன்று நிமிடம் முடியும். அட்டையை நீட்டுவேன். விரல் ஏழில் போய் நிற்கும். ஏழு என்றால் மிக மிக லேசு. டப்பாவைப் பார்ப்பேன். நூற்று இருபது. அடுத்த கட்டத்தில் விரல் எட்டு, டப்பா நூற்று நாற்பது. சட்டை முதுகோடு ஒட்டி, வியர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருக்கும். விரல் ஒன்பதைத் தாண்டாது.

ஏழெட்டுப் பேரும் இதே கதை.

சொற்கள்தான் சரியில்லை என்று முடிவு கட்டினேன். அட்டையில் அப்போது ‘இலகு’ என்று இருந்தது. அதை ‘லேசு’ ஆக்கினேன். ‘கடினம்’ போய் ‘கஷ்டம்’ வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினேன். படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்துக் காட்டினேன். அடுத்த ஞாயிறு வேறு ஏழு பேர், அதே நாற்காலி, அதே மேஸ்திரி. விரல்கள் அதே ஏழு, எட்டு.

துறைத் தலைவர் மேடம் தாள்களைப் புரட்டினார். அதிகம் பேச மாட்டார். “நீவு ஹத்தி நோடித்ரா?” என்றார். நீங்கள் ஏறிப் பார்த்தீர்களா என்று கேட்கிறார். இல்லை. மாதக்கணக்காக அட்டையோடு குடித்தனம் நடத்தியும், அந்தப் பலகையில் ஒரு தடவைகூட நான் கால் வைத்ததில்லை.

மறுநாள் ஏறினேன். அந்த நேரம் பார்த்து, பயிற்சிக்கு வந்திருந்த மாணவிகள் நான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள். முதல் மூன்று நிமிடம் பரவாயில்லை. இரண்டாவதில் தொடை இரண்டும் எரிந்தன. மூன்றாவதில் எனக்கு மாதா படம் கண்ணில் தெரிந்தது. ஒரு மாணவி அட்டையை நீட்டினாள். நான் ஒரு புன்சிரிப்போடு பத்தில் விரலை வைத்தேன். டப்பா நூற்று அறுபத்திரண்டு காட்டியது.

புத்தியுள்ளவள் அந்த இடத்திலேயே காரணத்தைப் பிடித்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூச்சு சீராகும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி மரத்தைப் பார்ப்பது போல நின்றுவிட்டு, பதிவேட்டில், ‘நாடி காட்டும் டப்பா பழுது. அதிகமாகக் காட்டுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மின்சாரப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். டப்பா நன்றாக இருக்கிறது என்றார். அவரோடு சண்டை போட்டேன்.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. அந்த வாரம் ஆய்வுக் கட்டுரைக்காக ஒரு பத்தி எழுதினேன். உடல் உழைப்பிலேயே வாழ்கிறவர்களுக்குச் சிரமம் என்கிற உணர்வே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம் என்று. நல்ல ஆங்கிலத்தில், நிதானமான நடையில் எழுதினேன். அச்சாகவில்லை, நல்லவேளை. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் காது சுடுகிறது. நூற்று நாற்பது அடிக்கிற நெஞ்சுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, இவர்களுக்கு உறைக்காது என்று எழுதிய கை இது.

மூன்றாவது ஞாயிறு. நான்காவதாக ஒரு பெண் வந்தாள். லூர்து மேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்டள்ளிக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். கலவைச் சட்டி தூக்குகிற சித்தாள். புடவைக்கு மேலே ஒரு ஆண்பிள்ளைச் சட்டையைப் போட்டு, கொசுவத்தை இழுத்துச் செருகியிருந்தாள். என் கழுத்தில் சிலுவையைப் பார்த்ததும், “நீங்களும் நம்மாளுங்களா டாக்டரம்மா?” என்று சிரித்தாள். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று வழக்கம் போலக் கேட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து, “ஒன்னுமில்லீங்க” என்றாள்.

முதல் கட்டம், ஏழு. இரண்டாவது கட்டம், எட்டு. மூன்றாவது தொடங்கிய பிறகு அவள் பேச்சு நின்றுவிட்டது.

“லூர்து, நம்ம சாரத்த விடவா இது ஒசரம்? போ, போ!” என்றார் மேஸ்திரி.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுபோனது. உதடு வெளுத்திருந்தது. பலகையில் முழுப் பாதமும் வைத்து ஏறியவள், இப்போது விரல் நுனியை மட்டும் வைத்தாள். குதிகால் விளிம்பில் உரசிக்கொண்டு இறங்கியது. டப்பா நூற்று எண்பத்தி நாலு காட்டியது. அட்டையை நீட்டினேன். விரல் எட்டுக்குப் போனது.

நூற்று எழுபதைத் தாண்டினால் யாராக இருந்தாலும் நிறுத்த வேண்டும் என்பது நாங்களே எழுதிவைத்த விதி. ஆனால் டப்பா பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவளும் நான்தானே? அதனால் டப்பாவைத் தட்டிப் பார்த்தேன். கவனியுங்கள், டப்பாவைத் தட்டினேன். கைக்கெட்டும் தூரத்தில் அவள் மணிக்கட்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, அதைத் தொடவில்லை. ஒரு பக்கம் நான் பழுது என்று சொன்ன கருவி, இன்னொரு பக்கம் நான் பெற்றெடுத்த அட்டை. நடுவில் ஒரு பெண் வெளுத்துக்கொண்டிருக்கிறாள். நான் எதை நம்புவது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். என் முப்பது வருஷ வேலையில் நான் அதிகம் வெட்கப்படுவது அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

அவள் கால் ஒரு தடவை பலகையைத் தவறவிட்டுச் சமாளித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளக் கருவியைக் கையால் அமுக்கி நிறுத்தினேன். அவள் நிற்கவில்லை. தாளம் இல்லாமலே ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். கண் மேஸ்திரி மேல் இருந்தது.

“போதும்மா, இறங்கு” என்றேன்.

“லேசுதானுங்க… இன்னும் போவேனுங்க…”

அதைச் சொல்லிக்கொண்டே சரிந்தாள். நான் பாய்ந்து பிடித்தேன். பிடித்தேன் என்பது பெரிய வார்த்தை. அவள் என் மேல் விழுந்தாள், நான் தரையில் விழுந்தேன். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டோடு, மூக்குக்கண்ணாடி எங்கேயோ பறக்க, மல்லாந்து கிடந்தேன். ஆனாலும் அவள் தலை தரையில் படவில்லை. அன்று முழுக்க நான் உருப்படியாகச் செய்த காரியம் மெத்தையாகக் கிடந்ததுதான்.

பணியிலிருந்த டாக்டர் ஓடிவந்தார். பக்கத்து அறையில் படுக்க வைத்து, கால் பக்கத்தை உயர்த்தி, கண் இமையை இழுத்துப் பார்த்தார். வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ரத்தசோகை, கொஞ்ச நஞ்சம் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். இரண்டு மாதமாவது பாரம் தூக்கக் கூடாது, மாத்திரை விடாமல் சாப்பிட வேண்டும் என்றார். அவர் போன பிறகு திரையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எத்தனை நாளா இப்படி இருக்கு லூர்து?”

“ரெண்டு மாசம் இருக்குமுங்க. ரெண்டாவது மாடிக்குப் போனா கண்ணு இருட்டிக்கும். செவுத்தப் புடிச்சுக்கிட்டு நின்னா சரியாப் போயிருமுங்க.”

“நான்தான் கேட்டேனே? உடம்புக்கு ஏதாவது உண்டான்னு?”

“மேஸ்திரி உக்காந்திருந்தாருங்களே.”

அட்டை இன்னும் என் கையில் இருந்தது. எப்படி விடாமல் பிடித்திருந்தேன் என்று தெரியவில்லை. அதை அவள் முன்னால் நீட்டி, “இப்ப காட்டு. மேல ஏறும்போது எப்படி இருந்துச்சு?” என்றேன்.

யோசிக்கவே இல்லை. பத்தொன்பது.

“அங்க எட்டுன்னு காட்டினியே?”

“அங்க எட்டுத்தானுங்க” என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. “காத்தால நாலு ரோடு சேர்ற சர்க்கிள்ல கூலி வேலைக்கு முப்பது பேரு நிப்போமுங்க. மேஸ்திரி மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் பேரு கூப்பிடுவாரு. நோவுங்கறவளக் கூப்பிட்டா சட்டி எப்படி மேல போகும்? ஒரு நாளு விட்டா நம்ம எடத்துல வேற ஒருத்தி நின்னுருவா. அப்பறம் நமக்கு எடமே இல்லீங்க.”

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவருகிட்டச் சொல்லிராதீங்க டாக்டரம்மா. சொன்னீங்கன்னா நாளைக்கே என்னைய விட்டுருவாரு.”

மூன்று ஞாயிறாக நான் நடத்தியது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. மெத்தை நாற்காலி போட்டு, அவர்களுக்கு முன்னால் இன்னொரு சர்க்கிளை நானே ஏற்படுத்தியிருந்தேன். இதற்கு மேல் ஜெபப்புத்தகத் தமிழில் எழுதினால் என்ன, தெருத் தமிழில் எழுதினால் என்ன?

ஆனால் அந்த நேரத்துக்கு என்னை நானே நொந்துகொள்வதால் அவளுக்குப் பயனில்லை. சொன்னால் அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் சட்டியோடு மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்பாள், அங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்காது. என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே வெளியே வந்தேன்.

மேஸ்திரி எழுந்து நின்றார். “என்னங்க ஆச்சு லூர்துக்கு?”

“ஒண்ணுமில்ல மேஸ்திரி. தப்பு என்னுதுதான். பலகையை ரெண்டு அங்குலம் ஒசரமா செஞ்சுட்டோம்.”

கட்டட மேஸ்திரியிடம் போய் அளவில் பொய் சொல்லும் புத்திசாலி என்னைத் தவிர யார் இருப்பார்கள்? அவர் பையிலிருந்து நாடாவை எடுத்தார். குனிந்து பலகையை இந்த மூலையில் ஒரு தடவை, அந்த மூலையில் ஒரு தடவை அளந்தார். பலகையின் பக்கவாட்டில் தச்சர் எழுதி ஒட்டியிருந்த அளவைப் படித்தார்.

“ஒரு நூலு பெசகலீங்க. உங்க ஆசாரி கெட்டிக்காரரு.”

அவர் நாடாவைச் சுருட்டினார். “லூர்துக்கு என்னங்க?” என்றார் மறுபடியும், இந்தத் தடவை மெதுவாக.

“அதை நான் சொல்லக் கூடாது மேஸ்திரி” என்றேன். அன்று என் வாயிலிருந்து வந்த முதல் நேரான பேச்சு அதுதான்.

அவர் திரைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “கீழ்த்தளத்துல பூச்சு முடிஞ்சுதுங்க. செவுத்துக்குத் தண்ணி விட ஒரு ஆளு வேணும். ரெண்டு மாசத்துக்குக் கொறையாது, மாடி ஏற வேண்டியதில்ல. அவளப் போட்டுக்கறேன். சாரத்துல இருந்து விழுந்தா அப்பறம் நான்தானுங்களே போலீசுக்குப் பதில் சொல்லணும்? நீங்களும் ஒன்னும் சொல்லல, நானும் ஒன்னும் கேக்கல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். உங்களை அங்கே உட்கார வைத்ததுதான் தவறு என்று சொன்னேன்.

“நானும் பாத்துக்கிட்டேதானுங்க இருந்தேன்” என்று சிரித்தார். “எல்லாருமே லேசுங்கறாங்க. எப்படிங்க? சைட்டுல நான் அந்தாண்ட போனா என்ன திட்டுத் திட்டுவாங்க தெரியுமா?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேஸ்திரி?”

“நீங்க கேக்கலீங்களே.”

ஆய்வின் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். மூன்று ஞாயிறுத் தாள்களையும் தூக்கிப் போட்டோம். அந்தப் பத்தியையும் கிழித்தேன். பதிவேட்டில் ‘டப்பா பழுது’ என்று எழுதியதை அடித்து, ‘பழுது என்னிடம்’ என்று எழுதப் போனேன். மேடம் தடுத்துவிட்டார், பதிவேட்டில் நாடகம் வேண்டாம் என்றார். பிறகு ஆட்களை ஒவ்வொருவராக, வேறு வேறு நாட்களில் வரவழைத்தோம். அறையில் அவரும் சோதிப்பவரும் மட்டும். என்ன காட்டினாலும் அது இந்த அறையை விட்டு வெளியே போகாது என்று முதலில் சொன்னோம். எண்கள் ஓரளவு ஒழுங்குக்கு வந்தன. சொற்களில் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. லூர்து மேரி இரண்டு மாதம் சுவருக்குத் தண்ணீர் விட்டாள், மாத்திரை சாப்பிட்டாள். பிறகு வந்து, டாக்டர் சரி என்ற பின், அதே பலகையில் முதல் கட்டம் ஏறிப் பதினொன்று என்று காட்டினாள். டப்பா நூற்றுப் பதினாறு. மறுவாரம் மறுபடியும் சட்டி தூக்கப் போய்விட்டாள். அதில் சந்தோஷப்படுவதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

உங்களுக்கு நான் சொல்லிக்கொள்வது இதுதான். ஒருவர் சொல்கிற பதில் தப்பாகத் தெரிந்தால், கேள்வியில் உள்ள சொல்லைத் திருத்த ஓடாதீர்கள். அவர் யார் காதுக்காகப் பதில் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். மகள் பக்கத்தில் நிற்கும்போது அப்பாவுக்கு முட்டி வலிக்காது. கணவர் பக்கத்தில் இருந்தால் மனைவிக்கு மூச்சு வாங்காது. உங்கள் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சிலருக்கு எதுவுமே வலிக்காது. கையை நீட்டி மணிக்கட்டைப் பிடியுங்கள். அதற்கு அட்டை வேண்டாம்.

அந்த ஞாயிறு இன்னும் முடியவில்லை. ஆட்கள் எல்லாரும் கிளம்பினார்கள். லூர்து மேரியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக ஆட்டோவுக்குக் கூட்டிப்போனார்கள். மேஸ்திரி மட்டும் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

“உங்க அட்டண்டர கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க” என்றார், மூலையில் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்த உதவியாளைக் காட்டி. அட்டண்டர் போனதும் கதவை அவரே சாத்தினார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து நாடா, பென்சில், பீடிக்கட்டு எல்லாவற்றையும் எடுத்து மெத்தை நாற்காலியில் வைத்தார். “நானும் ஒருக்கா ஏறிப் பாக்கறேன்.”

ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. முதல் கட்டம் மட்டும்தான், மூன்று நிமிடம், அதுவும் நான் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும் என்றேன். சரி என்றார். அது எல்லாவற்றிலும் மெதுவான கட்டம். அவருடைய ஆட்கள் பேசிக்கொண்டே முடித்த கட்டம். பட்டை கட்டியிருந்தாலும் இடைக்கிடை நானே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். முதல் நிமிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பு இல்லை. மூன்றாவது நிமிடம் முடிந்ததும் இறங்கி, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, தலையைக் கவிழ்த்து நின்றார். வெகுநேரம் அப்படியே நின்றார்.

அவராகவே கையை நீட்டி அட்டையை வாங்கினார். ஆறிலிருந்து ஒவ்வொரு எண்ணாக விரலைக் கீழே கொண்டுவந்தார். ஒரு இடத்தில் நிறுத்தினார். நான் பேனாவை எடுத்தேன்.

“எழுதாதீங்க” என்றார். “காண்ட்ராக்டருக்குத் தெரிஞ்சா அடுத்த வேலைக்கு என்னையக் கூப்பிட மாட்டாருங்க.”

நான் எழுதவில்லை. மறுநாள் நெஞ்சு டாக்டரிடம் நானே அவரைக் கூட்டிப்போனேன். அங்கேயும் அந்த எண்ணைச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் மேஸ்திரியாகவே இருந்தார். இப்போது அவரும் இல்லை, அந்தக் காண்ட்ராக்டரும் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். அவர் விரல் நின்ற எண் பதினேழு.